மழைக்காலம் முழுக்க சொந்த ஊரில் இருப்பேன், படகையும் டிரெய்லரையும் எப்படி விட்டுவிட்டுப் போவது?

செம்பவாங்_தூண்டில்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 16 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. பின்னால் 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட், கார்புரேட்டர் வைத்த பழைய இன்ஜின். அதை ஏற்றி இழுத்துப் போகும் டிரெய்லரோடு சேர்த்து, சிங்கப்பூரின் வடக்குக் கரையில் படகுகள் நிறுத்தும் ஒரு யார்டில் திறந்தவெளியில் நிற்கிறது. வாரம் ஒரு முறையாவது புலாவ் உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போய்விடுவேன், அதனால் இதுவரை நீண்ட நாள் நிறுத்தி வைக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. நவம்பர் கடைசியில் கும்பகோணம் போனால் பிப்ரவரி நடுவில்தான் திரும்புவேன். வடகிழக்குப் பருவமழை அடித்து ஓயும் வரை நான் இங்கே இல்லை.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் கனடா, அமெரிக்கா வீடியோக்கள். இன்ஜினுக்குள் இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவம் ஊற்றுகிறார்கள், படகு முழுவதையும் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். நமக்கு இதெல்லாம் வேண்டுமா? யார்டில் ஒருவர், நீல தார்ப்பாயை நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டுப் போங்கள், அது போதும் என்கிறார். டிரெய்லரை என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பேட்டரி, பெட்ரோல், பேரிங், டயர், எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறேன். என் மச்சான் ஈசூனில் இருக்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் படகு பற்றி எதுவும் தெரியாது.

சாங்கி_பாய்மரம்:
முதலில் அம்மா நல்லபடியாக எழுந்து நடக்கட்டும். படகு விஷயத்தில் நீங்கள் இப்போதே கேட்டது நல்லது, பலர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்தான் யோசிக்கிறார்கள்.

அந்த வீடியோக்களில் சொல்வது அந்த ஊருக்குச் சரி. தண்ணீர் உறைந்தால் கன அளவு 9 சதவீதம் போலக் கூடும், இன்ஜினுக்குள் மிச்சம் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி இரும்பையே பிளந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தத் திரவம். இங்கே அது தேவையில்லை. பிளாஸ்டிக் சுற்றுவதும் அப்படித்தான், அங்கே குளிரில் பூஞ்சணம் சுலபமாக வளராது. நம் ஊரில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால் உள்ளே இட்லிச் சட்டி மாதிரி ஆகிவிடும். நீங்கள் திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கும்போது மெத்தை, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் கறுப்புப் புள்ளியாக இருக்கும். யார்டில் சொன்னவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அதைச் செய்யாதீர்கள்.

இங்கே நீங்கள் பயப்பட வேண்டியது மழைத் தண்ணீரின் எடைக்கு. சாங்கி வானிலை நிலையத்தில் டிசம்பர் மாதச் சராசரி மழையே 330 மில்லிமீட்டருக்கு மேல். 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் வந்த மழை நினைவிருக்கிறதா, அந்த இரண்டு நாளில் மட்டும் 250 மில்லிமீட்டரைத் தாண்டியது. உங்கள் படகில் மூடாத பகுதி நான்கு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு டன். உங்கள் டிரெய்லர் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஸ்பிரிங் உடையும், டயர் நசுங்கும், படகைத் தாங்கும் ரோலர் இருக்கும் இடங்களில் ஃபைபர் விரிசல் விடும்.

ஆகவே படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையை மூடும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிளக்கை ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிப்ரவரியில் ஆசையாகக் கடலில் இறக்கும்போது மறக்காமல் இருக்கும். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி சக்கரத்தை உயர்த்தி முன்பக்கம் மேலே தூக்கி இருக்கட்டும், தண்ணீர் தானாகப் பின்னால் ஓடிவிடும். இதில் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வருடம் பிளக்கைக் கழற்றியும் படகு நிரம்பியிருந்தது. அடியில் கிடந்த ஒரு காய்ந்த இலையும் தூண்டில் நரம்பும் துளையில் போய் அடைத்துக்கொண்டன. பேட்டரி, வயரிங் எல்லாம் போயிற்று. அதிலிருந்து படகின் அடிப்பகுதியை ஹோஸ் வைத்துக் கழுவி, கையைவிட்டுத் துழாவி ஒரு குப்பைகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் மூடுவேன்.

தார்ப்பாய் கட்டுவதில் சூட்சுமம் நடுவில் ஒரு முகடு வைப்பதுதான். பிவிசி குழாயை முன்னிருந்து பின்வரை ஓடவிட்டு, குறுக்கே இரண்டு முட்டுக் கொடுத்து, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரியவிடுங்கள். தட்டையாகக் கட்டினால் நடுவில் குளம் கட்டும், ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தேங்கினாலே நூறு கிலோ. முன்னும் பின்னும் காற்று புகுந்து வெளியேறத் திறப்பு விடுங்கள். காற்று வடகிழக்கிலிருந்து வரும், யார்டில் இடம் இருந்தால் படகின் முன்பக்கத்தை அந்தத் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள், அப்போது மழை பின்பக்கத் திறப்பு வழியாக உள்ளே அடிக்காது.

இன்ஜின்: தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் ஹோஸைப் பொருத்தும் மஃப் மாட்டி நல்ல தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் உள்ளே உப்பு கரையும், இரண்டு நிமிடம் ஓட்டினால் போதாது. கடைசியில் எரிபொருள் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகும். இது கார்புரேட்டர் இன்ஜினுக்கு மட்டும். எரிபொருள் ஊசி முறையில் ஓடும் இன்ஜின் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்படிச் செய்யாதீர்கள், அதன் பம்ப்புக்கு ஆகாது. பிறகு ஸ்பார்க் பிளக் துளைகள் வழியாக, உள்ளே துருப் பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து, இன்ஜின் மேலுள்ள ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கியர் ஆயிலை இப்போதே மாற்றுங்கள், வந்த பிறகு வேண்டாம். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது, அந்தத் தண்ணீரோடு பல்சக்கரத்தை இரண்டரை மாதம் ஊறவைக்கக் கூடாது.

பேட்டரியை முழு சார்ஜ் ஏற்றி, 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். சும்மா இருக்கும் பேட்டரி வெயிலில் சீக்கிரம் இறங்கும். மாதம் ஒரு முறை மச்சான் சார்ஜரில் போட்டால் போதும். பெட்ரோல், நீங்கள் ஆயில் கலந்து ஊற்றுகிறவர் என்றால் கடைசி இரண்டு பயணத்தில் தீர்த்துவிடுங்கள், மீதி வைக்காதீர்கள். எடுத்துப் போகிற டேங்கை அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூமில் வைக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

நாகை_துவாஸ்:
வணக்கம் அண்ணே. நான் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் நாகப்பட்டினம், அப்பா படகுக்காரர். எங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்த நேரம்தான் அவை கரையேறும். அப்பா படகை ஏற்றியதும் முதலில் பார்ப்பது அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். பாரம் நடுமுதுகில் இறங்க வேண்டும், பக்கவாட்டில் இறங்கினால் ஃபைபர் உள்வாங்கும் என்பார். அதனால் உங்கள் டிரெய்லரில் நடுமுதுகைத் தாங்கும் கீல் ரோலர் எல்லாம் படகைத் தொடுகிறதா, ஒன்றிரண்டு மட்டும் தாங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கும்போது பாரம் முழுக்கப் பின்னால் உள்ள இரண்டு ரோலருக்குப் போய்விடும், சாங்கி அண்ணன் சொன்னபடி தூக்குங்கள், ஆனால் கொஞ்சமாக, தண்ணீர் ஓடும் அளவுக்கு மட்டும்.

டிரெய்லரில் முதலில் கெடுவது பேரிங். ஓடி வந்த சூட்டோடு, சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பைக் கடல் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வாரா வாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது. சும்மா நின்றால்தான் துரு பிடித்து, திரும்ப இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். போவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து எடுங்கள். டீ நிறத்தில் இருந்தால் பேரிங்கையே மாற்றிவிடுவது நல்லது, நல்ல நிறத்தில் இருந்தால் கழுவிக் காயவைத்து மரைன் கிரீஸ் புதிதாக அடையுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், தண்ணீர் பட்டால் கரைந்து போகும்.

அப்புறம் அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து டயரைத் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கிவிடுங்கள். தூக்க முடியாவிட்டால் காற்றை முழு அளவுக்கு அடித்து, வெயில் படாமல் பலகை சாத்துங்கள். கைபிரேக் இருந்தால் போட்டுவிட்டுப் போகாதீர்கள், பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். லீஃப் ஸ்பிரிங் இடுக்கில்தான் உப்பு ஒளிந்திருக்கும், அங்கே நல்ல தண்ணீரை நிறைய அடியுங்கள்.

செம்பவாங்_தூண்டில்:
இருவருக்கும் மிக்க நன்றி. இதை அப்படியே அச்சடித்து யார்டுக்கு எடுத்துப் போகப் போகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, இன்ஜினைக் கீழே இறக்கி வைப்பதா, மேலே சாய்த்து வைப்பதா? மேலே சாய்த்தால்தான் தரையில் இடிக்காது. இரண்டு, படகுக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பா, தர்ஸ்டி ஹிப்போ மாதிரி, பத்து வாங்கி வைத்தால் பூஞ்சணம் வராதா?

ஈசூன்_அக்கா:
தம்பி, உங்கள் இரண்டு கேள்விக்கும் நான் பதில் சொல்லலாம், எங்கள் வீட்டிலும் ஒரு படகு பத்து வருடமாக இருக்கிறது.

இன்ஜினை நேராகக் கீழே இறக்கித்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க வடியும். சாய்த்து வைத்தால் புரொப்பெல்லர் நடுவில் உள்ள குழிவில் மழைத் தண்ணீர் நிற்கும். குளிர் நாட்டில் அது உறைந்து உடைக்கும் என்பார்கள், இங்கே ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். தார்ப்பாய் மடிப்பு, டிரெய்லர் சட்டத்தின் உள்பக்கம், கவிழ்க்காமல் விட்ட வாளி, ஐஸ் பெட்டி, இவை எல்லாமே அப்படித்தான். யாருக்காவது டெங்கி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதம் வேறு. அதனால் மச்சான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதாது, வாரம் ஒரு முறை வரச் சொல்லுங்கள். அவருக்குப் படகு தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் எங்காவது நிற்கிறதா, துளையில் வடிகிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்து உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும். இன்ஜினின் அடியில் நீட்டியிருக்கும் ஸ்கெக் தரையில் முட்டினால் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் பலகை வைத்து டிரெய்லரையே உயர்த்துங்கள்.

ஈர டப்பா திறந்த படகில் பிரயோஜனமே இல்லை, உலகத்து ஈரத்தையெல்லாம் அதுதான் குடிக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஒன்று வைக்கலாம், அதுவும் நிரம்பிக் கவிழ்ந்தால் அந்த உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும். மெத்தை, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் என்றால் கட்டாயம், அதற்குள் இருக்கும் மாத்திரை ஈரத்திலேயே கரைந்து ஜாக்கெட் தானாக ஊதிக்கொள்ளும்.

சாங்கி_பாய்மரம்:
அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் படகு உரிமமும் காப்புறுதியும் இந்த இடைவெளியில் காலாவதி ஆகிறதா என்று பாருங்கள். சீனப் புத்தாண்டு சமயத்தில் யார்டு ஆட்கள் விடுமுறையில் இருப்பார்கள், அந்த வாரம் மச்சானுக்கு நுழைவு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

செம்பவாங்_தூண்டில்:
ஊரிலிருந்து திரும்பிவிட்டேன். நேற்று யார்டுக்குப் போய் வந்தேன், அதனால் இங்கே வந்து சொல்கிறேன். அம்மா கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார், அது முதல் சந்தோஷம்.

படகுக்குள் ஒரு குவளைத் தண்ணீர்கூட இல்லை. முகடு வைத்த தார்ப்பாய் ஒரு இடத்தில் மட்டும் உரசிக் கிழிந்திருந்தது, மச்சான் ஜனவரியிலேயே பார்த்துப் பழைய சைக்கிள் டியூபை அங்கே சுற்றியிருக்கிறார். நவம்பரில் இடது சக்கர பேரிங்கைத் திறந்தபோது நாகைத் தம்பி சொன்ன அதே டீ நிறம்தான், மாற்றிவிட்டுத்தான் போனேன். இன்ஜின் நான்காவது இழுப்பில் கிளம்பியது, ஆனால் பின்னால் தண்ணீர் பீய்ச்சும் துளையில் ஒன்றும் வரவில்லை. உடனே நிறுத்திப் பார்த்தால் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பி விட்டுக் குத்தி எடுத்ததும் சரியாகிவிட்டது. அடுத்த முறை அந்தத் துளைக்கு ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, அதையும் பிளக்கோடு சேர்த்து ஸ்டீயரிங்கில் எழுதிக் கட்டிவிடுவேன்.

நாகை_துவாஸ்:
அம்மா நடப்பதைக் கேட்க மகிழ்ச்சி அண்ணே. புது பேரிங் என்பதால் முதல் இரண்டு முறை இழுத்துப் போனதும், தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டு இறுக்கம் அதிகமாக இருக்கலாம், கொஞ்சம் தளர்த்துங்கள்.