நிதியுதவிக்கு அலைந்த கதைகளை இங்கே எழுதுங்கள்

தையல்மெஷின்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து பழைய துணிகளில் பை தைத்து விற்கிறோம். போன வருடம் முழுக்க, மானியம், நல்கை என்ற சொல் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் விண்ணப்பம் போட்டேன். மொத்தம் பதினான்கு. பதினொன்றுக்குப் பதிலே வரவில்லை. இரண்டு, 'வருந்துகிறோம்' என்று வந்தது. ஒன்று கிடைத்தது.

கிடைத்த அந்த ஒன்றில்தான் அதிகம் அடிபட்டேன். தையல் இயந்திரங்களின் விலையில் பாதியைத் தருவதாக அறிவிப்பு. நான் புரிந்துகொண்டது, பாதிப் பணம் கைக்கு வரும், மீதியை நாம் போட்டு வாங்கலாம் என்று. வழிகாட்டிக் கையேட்டின் 23ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்திருக்கிறது: முழுத் தொகையையும் நீங்கள் செலவு செய்து, பில்லும் பணம் கட்டிய சான்றும் கொடுத்த பிறகு பாதி திருப்பித் தரப்படும். கைமாற்று வாங்கி இயந்திரங்களை எடுத்தோம். பில்லைக் கொடுத்தால் திரும்பி வந்தது. கடைக்காரர் பில்லை என் பெயரில் போட்டிருந்தார், விண்ணப்பம் குழுவின் பெயரில் இருந்தது. பில்லை மாற்றி வாங்கி, பணம் வந்து சேர நான்கு மாதம். அதற்குள் கைமாற்றுக்குக் கட்டிய வட்டி, வந்த மானியத்தில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிட்டது.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். கிடைத்த கதை மட்டும்தான் என்றில்லை.


கணக்குப்பிள்ளை

தையல்மெஷின் அக்கா, உங்கள் 23ஆம் பக்கம் எனக்குப் பழகிய பக்கம். ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்த அறிவிப்பு வந்தாலும் நோக்கம், தொலைநோக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பணம் எந்தத் தவணையில், எதற்குப் பிறகு வரும் என்பதைத்தான் முதலில் தேடுவேன். எங்கள் செயலாளருக்கு இதில் என்மேல் கோபம் உண்டு.

என் கதை நாணய மாற்று பற்றியது. திட்டத்தின் பட்ஜெட் டாலரில் இருந்தது, பணம் மூன்று தவணையாக வந்தது. இரண்டாவது தவணை வந்த வாரத்தில் டாலர் ஏறியிருந்ததால் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. கூடுதல்தானே என்று பயிற்சிக்கு இன்னும் இரண்டு நாள் சேர்த்தோம். முடிவில் ஆடிட் செய்தவர், அந்தக் கூடுதலும் திட்டப் பணம்தான், எழுத்தில் அனுமதி வாங்காமல் புதிதாக எதிலும் செலவிட முடியாது என்று எழுதிவிட்டார். திருப்பிக் கொடுத்தோம். மூன்றாவது தவணையில் டாலர் இறங்கியது. அந்த நட்டத்தை யாரும் திருப்பித் தரவில்லை!

அதே ஒப்பந்தத்தில், பட்ஜெட்டின் ஒரு செலவுத் தலைப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் முன் அனுமதி வேண்டும் என்று இருந்தது. போக்குவரத்துச் செலவு பதின்மூன்று சதவீதம் கூடிப்போய் அதையும் நாங்களே கட்டினோம். ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருந்தால் 'சரி' என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கும். பிறகு வந்த திட்டங்களில் கேட்டு வாங்கியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, நிர்வாகச் செலவு. அலுவலக வாடகை, மின்கட்டணம், என்னைப் போன்றவனின் சம்பளம். இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்து பட்ஜெட்டில் பூஜ்யம் போடும் குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். பயப்பட வேண்டாம். ஃபோர்டு அறக்கட்டளை 2015இல் இந்தப் பங்கைத் திட்டச் செலவில் 10 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்தியது. அமெரிக்க அரசின் நல்கைகளில், தனியாக விகிதம் பேசி வைக்காத அமைப்புகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு 2024 அக்டோபரில் 10இலிருந்து 15 சதவீதம் ஆனது. கொடுக்கிறவர்களே ஒப்புக்கொண்ட செலவை நாம் மறைத்தால், அது கடைசியில் ஊழியரின் சம்பளத்திலிருந்துதான் போகும்.


பழைய நடுவர்

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கதை. ஒரு நிதி நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை பத்து நாளில் 62 முன்மொழிவுகள். பகலில் என் சொந்த வேலை, இரவில் இது.

ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து யாரும் படிப்பதில்லை, மன்னியுங்கள். முதலில் தகுதி: பதிவாகி எத்தனை வருடம், தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா, கேட்ட துறைதானா. இதிலேயே ஏறக்குறைய பாதி போய்விட்டது. அதில் நல்ல வேலை செய்கிற குழுக்களும் இருந்தன. மூன்று வருடக் கணக்கு கேட்ட இடத்தில் ஒரு வருடக் கணக்கை வைத்துவிட்டு, 'எங்கள் ஆர்வத்தைக் கருத்தில் கொள்ளவும்' என்று எழுதியிருந்தார்கள். ஆர்வத்துக்கு மதிப்பெண் போட எங்கள் தாளில் கட்டமே கிடையாது.

அடுத்துப் படிப்பது பட்ஜெட். விளக்கத்தில் 200 பேருக்குப் பயிற்சி, பட்ஜெட்டில் 120 கையேடு. மீதி எண்பது பேர் எதைப் பார்த்துப் படிப்பார்கள்? இப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். ஒரு கோப்பில் திருத்தக் குறிப்புகளை நீக்காமலே அனுப்பியிருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்க, இன்னொருவர் 'தெரியல, இருக்கட்டும்' என்று பதில் எழுதியிருக்கிறார். அன்றைக்கு இரவு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

நினைவில் நிற்கும் ஒரு முன்மொழிவு மொத்தம் ஆறு பக்கம். பள்ளியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டிருந்தார்கள். அதிகாரமளித்தல், நீடித்த வளர்ச்சி எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து, எட்டாம் வகுப்பில் எந்தெந்த மாதம் எத்தனை பெண்கள், எத்தனை நாள் வரவில்லை என்று ஒரு அட்டவணை. ஒரு ஆசிரியை உட்கார்ந்து கையால் எண்ணியிருக்கிறார். கீழே ஒரு வரி: அடுத்த வருடமும் இதே பதிவேட்டை எண்ணி அனுப்புவோம். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன், மற்ற இருவரும் போட்டார்கள்.

முன்மொழிவோடு கேட்கும் லாக்ஃபிரேம் என்ற திட்ட அட்டவணையைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமாக இருந்த யூஎஸ்எய்டுக்காக 1969இல் உருவான கட்டம் அது. என்ன செய்வீர்கள், அதனால் என்ன மாறும், மாறியது எப்படித் தெரியும், எது நடந்தால் கெட்டுப்போகும் என்ற நான்கு கேள்விகள்தான் உள்ளே இருக்கின்றன. அந்த ஆசிரியை லாக்ஃபிரேம் என்ற பெயரே தெரியாமல் அதை எழுதிவிட்டார்.


தையல்மெஷின்

நடுவர் ஐயா, விண்ணப்பம் போடும் முன் அவர்களிடம் போனில் பேசலாமா? சிபாரிசு தேடுவதாக நினைத்துக்கொள்வார்களோ என்று நான் பேசியதே இல்லை.


பழைய நடுவர்

தாராளமாகப் பேசலாம், அறிவிப்பில் 'தொடர்பு கொள்ள வேண்டாம்' என்று போட்டிருந்தால் தவிர. கையேட்டில் இருப்பதையே கேட்காதீர்கள். 'நாங்கள் இப்படிப்பட்ட குழு, இந்த வேலை, உங்கள் வரம்புக்குள் வருமா' என்று மூன்று வரியில் கேளுங்கள். வராது என்று சொன்னால் அதுவும் லாபம், மூன்று வார வேலை மிச்சம்.

அப்புறம், அவர்கள் இதுவரை யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் வருடாவருடம் வருமான வரித்துறைக்குத் தரும் 990-பிஎஃப் என்ற படிவம் பொது ஆவணம். யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று அதில் பட்டியல் இருக்கும். கேண்டிட் என்ற அமைப்பின் தளத்தில் தேடலாம். 1956இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் சென்டரும் கைட்ஸ்டாரும் 2019இல் இணைந்து உருவானது அது. பட்டியலில் எல்லாம் பெரிய பல்கலைக்கழகங்களாகவே இருந்தால், அறிவிப்பில் 'சமூகக் குழுக்கள் வரவேற்கப்படுகின்றன' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.


விதைநெல்

எங்கள் அனுபவம் கொஞ்சம் நல்லது. சுற்றுச்சூழல் வேலை செய்யும் பதினைந்து பேர் கொண்ட குழு. பெரிய டோனர் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நல்கைத் திட்டம் பற்றி ஒரு நண்பர் சொன்னார். ஐநா வளர்ச்சித் திட்டத்தின் வழியாக 1992 முதல் நடக்கிறது. நெடுங்காலம் ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர்தான் உச்சவரம்பு, அதனால் பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தேர்வு செய்வது அந்தந்த நாட்டுக் குழு, அதில் பெரும்பாலோர் அரசு சாராதவர்கள். உள்ளூர் மொழியில் எழுதலாம். எழுத வராதவர்கள் வீடியோவாகச் சொன்ன முன்மொழிவுகளைக்கூட ஏற்றிருக்கிறார்கள்.

நாங்கள் சொதப்பிய இடம், திட்டத்துக்கு நாங்கள் போட வேண்டிய பங்கு. அதைப் பணமாகத்தான் காட்ட வேண்டும் என்றில்லை, உழைப்பாகவும் காட்டலாம். குளம் தூர்வாரியதில் எங்கள் ஆட்கள் எத்தனையோ நாள் மண் சுமந்தார்கள். ஆனால் யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. முக்கால்வாசி உழைப்பைக் கணக்கில் காட்ட முடியாமல் போனது. இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று மண்வெட்டிகளோடு சாக்கில் கிடக்கும். வேலை முடிந்ததும் கையெழுத்து, வராதவர்கள் பெருவிரல் ரேகை. சேறு படிந்த அந்த நோட்டைத்தான் அடுத்த ஆடிட்டில் ரொம்ப நேரம் புரட்டினார்கள்.


ஏமாந்தவன்

படித்துக்கொண்டு மட்டும் போகலாம் என்று இருந்தேன். சரி, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் அமைப்பு தேர்வாகியுள்ளது.' ஐநா சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. நாங்கள் விண்ணப்பமே போடவில்லை. 'யாரோ நம்மைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்' என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். ஆவணக் கட்டணம் கேட்டார்கள், கட்டினோம். ஒரு வாரம் கழித்து வங்கி அனுமதிக் கட்டணம் என்றார்கள். அதையும் கட்டினோம். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற நினைப்பு. மூன்றாவது முறை வரி என்றபோதுதான் பொருளாளர் அனுப்பியவரின் முகவரியை முழுதாகப் படித்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய மின்னஞ்சல். சங்கத்தில் இதைச் சொன்ன நாளை மறக்க மாட்டேன்.

இன்னொரு ரகமும் உண்டு, முழு மோசடி என்று சொல்ல முடியாதது. இலவசமாகச் செய்யக்கூடிய பதிவுக்குக் காசு வாங்குவது. அமெரிக்க அரசின் நல்கைகளுக்குத் தேவைப்படும் சாம் தளத்தில் பதிவு இலவசம். 2022 ஏப்ரலுக்குப் பிறகு முன்பு கேட்ட டன்ஸ் என்ற நிறுவன அடையாள எண்ணும் வேண்டாம், அந்தத் தளமே ஒரு எண் தந்துவிடும். இன்றும் 'டன்ஸ் எடுத்துத் தருகிறோம்' என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.


மரப்பொம்மை

நான் தொழில் பக்கம். ஒரு கசப்பான விஷயம்: தொழில் தொடங்கவும் பெருக்கவும் சும்மா பணம் தருகிறவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவின் சிறுதொழில் நிர்வாகமே, தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ நாங்கள் நல்கை தருவதில்லை என்று தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. நல்கை இருப்பதெல்லாம் ஆராய்ச்சி, ஏற்றுமதி, குறிப்பிட்ட கருவி என்று ஒரு காரணத்தோடுதான். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

பிறகு, இணையத்தில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டும் கூட்டுநிதிக்குப் போனேன். 2009இல் வந்த கிக்ஸ்டார்ட்டர் போல, இலக்கை எட்டினால்தான் பணம், எட்டாவிட்டால் ஒன்றுமில்லை என்ற முறை. எட்டினேன்! நன்கொடை தந்தவர்களுக்கெல்லாம் பொம்மை அனுப்ப வேண்டும், அந்த அஞ்சல் செலவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அட்டைப்பெட்டி வாங்கக் கடன் வாங்கினேன்.

கிவா என்ற இணையதளம் போல வட்டியில்லாக் கடன் தரும் இடங்களும் உண்டு, மக்கள் சின்னச் சின்னத் தொகையாகப் போடுவார்கள்.


கணக்குப்பிள்ளை

சின்னத் திருத்தம். கிவாவில் வட்டியில்லை என்பது பெரும்பாலும் பணம் போடுகிறவருக்கு. நடுவில் கடனைக் கொடுத்து வசூலிக்கும் உள்ளூர் நிறுவனங்கள் பல வட்டி வாங்கும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி.


வாசகசாலை

நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்த கதை. சரியாகச் சொன்னால், இரண்டாம் கட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

முதியவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் குழு எங்களுடையது. கண் தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள். முதலில் ஒரு அறக்கட்டளை புத்தகத்துக்குப் பணம் தந்தது. அடுத்த வருடம் அவர்களின் கருப்பொருள் டிஜிட்டல் கல்வியாக மாறியது, நாங்களும் முதியவர்களுக்கு டேப்லெட் என்று எழுதினோம். அதற்கடுத்த வருடம் இளைஞர் தலைமைத்துவம். வாசிக்கும் இளைஞர்கள்தானே என்று அதற்கும் பொருந்துகிற மாதிரி எழுதினோம். பணம் வந்தது. கூட்டம், பேனர், புகைப்படம், காலாண்டு ரிப்போர்ட். ஒரு நாள் வழக்கமாகப் போகும் ஒரு பாட்டி வீட்டுக்கு ஏழு வாரம் கழித்துப் போனேன். பாதியில் நிறுத்திய கதையின் பக்கத்தில் வைத்த நூல் அப்படியே இருந்தது. 'நீங்கள்லாம் பெரிய ஆளாயிட்டீங்கன்னு நினைச்சேன்' என்றார்.

யார்மேலும் குறை இல்லை. அவர்கள் கருப்பொருளை மாற்றுவது அவர்கள் உரிமை. கூடவே நாங்களும் மாறிக்கொண்டு போனோம், அவ்வளவுதான். இப்போது மாதச் சந்தாவில் நடக்கிறது. அடிக்கடி பற்றாக்குறைதான், ஆனால் செவ்வாயும் வெள்ளியும் வாசிப்பு தவறுவதில்லை.


தையல்மெஷின்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். வாசகசாலை எழுதியதை எங்கள் ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு, ஆன்லைன் வணிகப் பயிற்சி என்று எழுதி வைத்திருந்த ஒரு விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டோம். பயிற்சி கொடுக்க எங்களில் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று இருக்கிறது, வெட்டும் இயந்திரத்துக்கு. நேற்று அவர்களுக்குப் போன் செய்தேன், நடுவர் ஐயா சொன்ன மூன்று வரியில். எங்களைப் போன்ற குழு வரம்புக்குள் வரும் என்றார்கள். பணம் தரும் பக்கத்தை முதலில் எடுத்துப் பார்த்தேன்: 40 சதவீதம் முன்பணம், மீதி பில் கொடுத்த முப்பது நாளில். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி வைக்க வேண்டுமாம். இரண்டு கையில் இருக்கிறது. மூன்றாவது கடைக்காரர் மறுபடியும் என் பெயரில் எழுதி அனுப்பியிருக்கிறார். குழுவின் பெயரில் மாற்றி வாங்கத்தான் இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.