லாங் பீச் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கவனத்துக்கு: ஒரு உதவி

எல்லோருக்கும் வணக்கம். நான் பழகும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (மல்யுத்தம் போன்ற ஒரு தற்காப்புக் கலை) கிளப்பிலிருந்து ஒரு சின்ன குழு, மே கடைசியில் லாங் பீச்சில் நடக்கும் உலகப் போட்டிக்கு வருகிறது. இடம் வால்டர் பிரமிட் அரங்கு. இந்த சீசனுக்கு எங்களுக்கு இதுதான் கடைசிப் போட்டி.

முதலில் உடைப் பிரச்சினை. எங்கள் நீல பெல்ட் தம்பி ஒருவனின் கி (போட்டியில் போடும் சட்டையும் பேன்ட்டும்), டிரையரில் போட்டதில் சுருங்கிவிட்டது. கையை நேராக நீட்டினால் சட்டைக்கை மணிக்கட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. அங்கே அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெள்ளை, கருப்பு, ராயல் நீலம் மூன்றில் எதுவானாலும் சரி, ஏ2 அளவு கி யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் இரவல் தருவீர்களா? துவைத்துத் திருப்பித் தந்துவிடுவோம். கனமான துணி வேண்டாம். கி போட்டபடியேதான் எடை பார்ப்பார்கள், அதுவும் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான். அவன் பிரிவின் வரம்பு 70 கிலோ, இவனோ அந்தக் கோட்டிலேயே நிற்கிறான். கொஞ்சம் கூடினாலும் ஆடாமலே வெளியேற வேண்டியதுதான். இதனால் அவன் இப்போதே இட்லியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், பாவம்.

அப்புறம், அரங்குக்குப் பக்கத்தில் சமையலறையோடு இரண்டு இரவு தங்க இடம் தெரிந்தால் சொல்லுங்கள். வாடகை கொடுத்துவிடுவோம். விரல்களுக்கு டேப் சுற்றத் தெரிந்த பிசியோ யாராவது இருந்தாலும் உள்பெட்டியில் ஒரு வரி போடுங்கள்.