ஆட்டினால் ஓடுகிறது, விடிவதற்குள் நின்றுவிடுகிறது: அசைவில் மின்னேறும் குவார்ட்ஸ் கடிகாரம் குறித்து உதவி தேவை

ஈரோட்டுக் கணக்கர்:
வணக்கம். என்னிடம் இருக்கும் கைக்கடிகாரம், கையசைவினால் தானே மின்னேற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. ஆட்டினால் ஓடுகிறது, இரவு கழற்றி மேசைமேல் வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. இதற்குச் செலவு செய்யலாமா, அல்லது இத்தகைய கடிகாரங்களே தொல்லைதானா என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன். திங்கட்கிழமைக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை:
நண்பரே, எந்த நிறுவனத்தின் கடிகாரம், பின்மூடியில் பொறித்திருக்கும் எண் என்ன, வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்ற மூன்றையும் சொல்லாமல் யாராலும் உதவ இயலாது. நொடிமுள் நொடிக்கு ஒரு முறை நகர்கிறதா, இரண்டு நொடிக்கு ஒரு முறை தாவுகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

காந்தப்புலம்:
கடிகாரத்தை இரவில் எதன் அருகில் வைக்கிறீர்கள்? ஒலிபெருக்கி, கைப்பேசி உறையின் காந்தப் பூட்டு போன்றவற்றின் அருகில் வைத்தால் குவார்ட்ஸ் கடிகாரத்தின் சிறு மோட்டார் நின்றுவிடும். என் அனுபவத்தில் பாதிக் கடிகாரங்களுக்கு நோய் இதுதான்.

பல்சக்கரம்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. பழைய உரையாடல்களைத் தேடிப் பார்க்கும் பொறுமைதான் எவருக்கும் இல்லை. தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். இது, கையசைவில் சுருள்வில்லை முறுக்கி ஓடும் 'ஆட்டோமேட்டிக்' (தானியங்கி) கடிகாரம் அன்று. உள்ளே அரைவட்ட எடை ஒன்று கையசைவில் சுழலும். அது பல்சக்கரங்களின் வழியே ஒரு நுண்ணிய மின்னாக்கியை நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகள் வரையிலான வேகத்தில் சுழற்றும். அந்த மின்சாரம் ஒரு சேமிப்பானில் தங்கும். அதிலிருந்து நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமும் மோட்டாரும் இயங்கும். ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1988-இல் ஏஜிஎஸ் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்து, 1991-இல் 'கைனடிக்' என்று பெயர் மாற்றியது. ஆகவே சுருள்வில் அறுந்ததா, எண்ணெய் போடலாமா என்றெல்லாம் அடுத்துக் கேட்டுவிடாதீர்கள்.

ஈரோட்டுக் கணக்கர்:
எண்ணெய் பற்றி நான் கேட்கவில்லையே, ஐயா. பின்மூடியில் 5எம்62 என்று தொடங்கும் எண் இருக்கிறது. நொடிமுள் இரண்டிரண்டு நொடியாகத்தான் தாவுகிறது. காந்தம் எதுவும் அருகில் இல்லை, மரமேசை. இரண்டு மணி இடத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால், நன்றாக ஆட்டிய பிறகு முள் 20 நொடி தூரம் ஓடிக் காட்டுகிறது. அப்படியிருந்தும் காலையில் நின்றுவிடுகிறது. இதுதான் புரியவில்லை.

வைகைக்கரை:
இப்போது விளங்குகிறது. செய்கோவின் 5எம்62 வகையில் அந்தப் பொத்தான் மின் இருப்பைக் காட்டும். 5 நொடி என்றால் ஒரு நாளுக்குக் குறையாமல், 10 என்றால் ஒரு வாரத்துக்கு, 20 என்றால் ஒரு மாதத்துக்கு, 30 என்றால் முழு அளவு, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம். ஆனால் அது அளப்பது மின்னழுத்தத்தை மட்டுமே; எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை அன்று. சேமிப்பான் தேய்ந்துவிட்டால் ஓட்டைச் சொம்பு போல விரைவில் நிரம்பி விரைவில் வடிந்துவிடும். 20 காட்டிவிட்டு ஒரே இரவில் நிற்கிறது என்றால் சேமிப்பானை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே பொருள். இரண்டு நொடித் தாவல், இருப்பு தீரப்போகிறது என்று கடிகாரமே தரும் எச்சரிக்கை. அது பழுது அன்று.

பொன்னியின் கரை:
சேமிப்பானுக்கு எதற்குச் செலவு? மின்சாரப் பல்துலக்கியை நிறுத்தி வைக்கும் மின்னேற்றித் தாங்கி இருக்கிறதல்லவா, அதன்மேல் கடிகாரத்தை அரைமணி நேரம் வையுங்கள். தாங்கியின் மாறும் காந்தப்புலம் கடிகாரத்தின் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

பல்சக்கரம்:
ஓட்டைச் சொம்பை வேறு குழாயில் பிடித்தால் ஓட்டை அடைபடுமா? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுவது நல்ல பழக்கம்.

தஞ்சைத் தாமரை:
இந்தத் தொல்லைக்காகத்தான் நான் ஒளியில் மின்னேறும் கடிகாரத்துக்கு மாறினேன். சன்னலோரம் வைத்தால் போதும், கையில் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே சுழலும் எடையும் இல்லை, கனமும் குறைவு. சிட்டிசன் நிறுவனம் 1976-லேயே முள்ளுள்ள கடிகாரத்தை ஒளியில் ஓட்டிக் காட்டிவிட்டது. கையாட்டி மின்னேற்றுவது என்பது, இரண்டு வகைகளின் குறைகளையும் ஒன்றாகச் சேர்த்து விலை கொடுத்து வாங்குவது: தானியங்கிக் கடிகாரம் போல் அன்றாடம் கட்ட வேண்டும், குவார்ட்ஸ் போல் ஒரு நாள் மின்கலமும் மாற்ற வேண்டும்.

வைகைக்கரை:
அம்மா, நிறைகளையும் சொல்ல வேண்டும். தானியங்கிக் கடிகாரம் ஒரே நாளில் பல நொடிகள் பிழைபடும். இது மாதத்துக்கே 15 நொடிக்கு மேல் பிழைபடாது. முழுதாக மின்னேறியிருந்தால் கழற்றி வைத்துப் பல வாரம் கழித்து எடுத்தாலும் மணியும் தேதியும் சரியாக இருக்கும். முழுக்கைச் சட்டை அணிபவருக்கு ஒளிக் கடிகாரம் நாள் முழுதும் இருட்டில்தான் கிடக்கிறது. பிறகு, கையை மெதுவாகத் திருப்பினால் எடை சுழலும் அந்த 'விர்ர்' ஒலி இருக்கிறதே, அதற்காகவே கட்டுகிறவன் நான்.

தஞ்சைத் தாமரை:
முழுக்கைச் சட்டையைக் காரணம் காட்டுகிறீர்கள், வாரத்தில் ஒரு நாள் சன்னலில் வைப்பது அவ்வளவு கடினமா? ஒலிக்காக என்றால் வாதிட ஒன்றுமில்லை, அது விருப்பம்.

காந்தப்புலம்:
செய்கோவின் 5ஜே22 என்ற கைனடிக் வகை இந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டதே. கட்டாமல் 72 மணி நேரம் விட்டால் முட்கள் உறங்கும், உள்ளே கணக்கு மட்டும் ஓடும். நான்கு ஆண்டுக்குள் எப்போது எடுத்து ஆட்டினாலும் முட்கள் தாமே சரியான மணிக்கு வந்து நிற்கும்.

பல்சக்கரம்:
அதிலும் சேமிப்பான் தேயும். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

வைகைக்கரை:
கணக்கர் ஐயா, ஒன்றைக் கேட்க மறந்தேன். இதற்கு முன் யாராவது பின்மூடியைத் திறந்திருக்கிறார்களா? தாங்கள் நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலையில் இருப்பவரா?

ஈரோட்டுக் கணக்கர்:
அமர்ந்த வேலைதான். கடிகாரம் என் தந்தையாருடையது; அவர் நில அளவைத் துறையில் இருந்தார், வயல்வரப்பில் நடந்துகொண்டே இருப்பார், அவர் கையில் அது நின்று நான் பார்த்ததில்லை. அவருக்குப் பின் மூன்று ஆண்டுகள் பீரோவில் இருந்தது. சென்ற ஆண்டு பேருந்து நிலையம் அருகில் ஒரு கடையில் 'பேட்டரி' மாற்றினார்கள், 150 ரூபாய். எட்டு மாதம் நன்றாக ஓடியது.

வைகைக்கரை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! 150 ரூபாய்க்கு இதற்குரிய சேமிப்பான் கிடைக்காது. சாதாரண வெள்ளி ஆக்சைடு மின்கலத்தைத்தான் வைத்திருப்பார்கள் என்று அஞ்சுகிறேன். அது மின்னேற்றத்துக்கு உரியது அன்று. தாங்கள் கையை ஆட்டும்போதெல்லாம் மின்னாக்கி அதற்குள் மின்சாரத்தைத் திணிக்கும். அது உப்பிக் கசிந்தால் மின்சுற்றுப் பலகையே அரித்துப்போகும். இனி ஆட்ட வேண்டாம், கழற்றி வையுங்கள். பல்துலக்கித் தாங்கிப் பக்கம் போகவே வேண்டாம். 5எம்62-க்கு உரிய மின்னேறும் சேமிப்பானைக் கேட்டு வாங்கி, மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டு, நீர் புகாமையைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

பொன்னியின் கரை:
சாதாரண மின்கலம் வைத்தே இரண்டு ஆண்டுகள் ஓட்டியவர் என் பெரியப்பா.

பல்சக்கரம்:
சுழலும் எடையைக் கழற்றிவிட்டு ஓட்டியிருப்பார். எடை இல்லையென்றால் மின்னேற்றமும் இல்லை, கசிவும் இல்லை. அதன்பின் அது வெறும் குவார்ட்ஸ் கடிகாரம். பெயரை மட்டும் சுமந்துகொண்டிருக்கும். கணக்கர் ஐயா, கடையில் மூடியைத் திறக்கும்போது அருகில் நின்று பாருங்கள். வெண்பொடி போல் ஏதேனும் தெரிந்தால் உடனே படம் எடுத்து இங்கே இடுங்கள்.

தஞ்சைத் தாமரை:
தந்தையாரின் கடிகாரம் என்று முன்பே தெரிந்திருந்தால் மாற்றிவிடும் தொனியில் எழுதியிருக்கவே மாட்டேன். சரிசெய்யுங்கள்.

காந்தப்புலம்:
ஐயா, என்ன ஆயிற்று? திங்கட்கிழமை போய் மூன்று வாரம் ஆகிறது.

ஈரோட்டுக் கணக்கர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், தணிக்கை வேலை. சாதாரண மின்கலம்தான் இருந்தது. விளிம்பில் மட்டும் சற்றுக் கசிவு, பலகைக்குப் போகவில்லை. வேறொரு கடையில் சேமிப்பான், வளையம் இரண்டும் மாற்றி 2,600 ரூபாய் ஆயிற்று. இப்போது மாலையில் வாய்க்கால் கரையில் அரைமணி நேரம் நடக்கும்போது கட்டிக்கொள்கிறேன். நேற்றுப் பொத்தானை அழுத்தியபோது 10 நொடி காட்டியது, இன்று காலையும் ஓடுகிறது. அனைவருக்கும் நன்றி.

பொன்னியின் கரை:
10 நொடியை 30 ஆக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, அந்தப் பல்துலக்கித் தாங்கி...