எல்லா முடிவுகளையும் காணொளியில் மறுஆய்வு செய்தால் நடுவர் தவறு தீருமா?

பாலக்கோடு நடுவர்:
பொங்கல் நாட்களில் ஊர்க் கபடிப் போட்டிகளுக்கு நடுவராக நிற்பவன் நான். சென்ற ஆண்டு போனஸ் கோட்டில் தவறான முடிவு சொல்லி, ஓர் அணியின் வெற்றியைப் பறித்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். போட்டிகளில் களத்தில் 7 நடுவர்களும் சுற்றிலும் கேமராக்களும் இருந்தும் புகார் ஓயவில்லையே. அங்கே எல்லாவற்றையும் மறுஆய்வுக்கு உட்படுத்தினால் என்ன?

ஓசூர் வாசகர்:
அதில் ஒரு பகுதியைச் செய்தே பார்த்துவிட்டார்கள், ஐயா. 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில் செயின்ட்ஸ், ராம்ஸ் அணிகள் 20-20 என்று சமநிலையில் இருந்தன. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மீதமிருந்தபோது, பந்து வந்து சேருமுன்பே ராம்ஸ் வீரர் ஒருவர் எதிரணி வீரர்மீது மோதினார். அது விதிமீறல்; ஆனாலும் அதைக் குறிக்கும் மஞ்சள் கொடியை எந்த நடுவரும் வீசவில்லை. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 26-23 என வென்று லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குச் சென்றது.

அந்தக் கொந்தளிப்பால், அடுத்த பருவத்தில் இவ்வகைத் தடுப்பை, நடுவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும்கூட, மறுஆய்வு செய்யலாம் என்று விதி வந்தது. ஒரே பருவம்தான், 2020இல் கைவிட்டார்கள். கால் கோட்டில் பட்டதா என்பதைக் கேமரா காட்டிவிடும். எவ்வளவு இடித்தால் குற்றம் என்பதைத் திரைமுன் அமர்ந்திருப்பவரும் தம் மனத்தால்தான் அளக்க வேண்டும். ஆகவே விதியின் சொற்களைத் தெளிவாக்குவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

கிருஷ்ணகிரி உடற்கல்வி ஆசிரியர்:
விதியோடு பழக்கமும் வேண்டும். 2012இல் ஊதியத் தகராறில் வழக்கமான நடுவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று நடுவர்களை இறக்கினார்கள். செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில், கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பந்தை இரு அணி வீரர்களும் சேர்ந்து பற்றியபோது, அருகில் நின்ற இரு நடுவர்கள் வெவ்வேறு சைகை காட்டினார்கள். இரண்டே நாளில் உடன்பாடு ஏற்பட்டு, பழைய நடுவர்கள் திரும்பினார்கள். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் முழுநேர ஊழியர்கள் அல்லர். எட் ஹோச்சுலி போன்ற புகழ்பெற்ற நடுவரே வழக்கறிஞராகவும் இருந்தவர். இத்தனை வருமானமுள்ள லீக், நடுவர்களை ஆண்டு முழுவதும் பயிற்சியில் வைத்திருக்க வேண்டாமா?

ஐயா, உங்களுக்கு நேர்ந்தது கேமராவால் தீரக்கூடிய தவறு. ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது மற்றக் கால் தரையில் படாமல் இருந்ததா என்பதை ஒரே கண் பார்ப்பது கடினம். கோட்டுக்கு நேராகக் கைப்பேசி ஒன்றை நிறுத்துங்கள்.

பாலக்கோடு நடுவர்:
மிக்க நன்றி. வரும் பொங்கலுக்குக் கோட்டின் இருமுனையிலும் கைப்பேசி வைக்க விழாக் குழுவிடம் பேசுகிறேன்; பிடியில் நடக்கும் தள்ளுமுள்ளுக்கு மட்டும் நடுவர் முடிவே இறுதி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவேன்.