ஆசிரியர் தேர்வு ஒப்பந்த நகல்: மேல்முறையீட்டுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஆசிரியர் நியமனத் தேர்வின் விடைத்தாள்களை ஸ்கேன் செய்யும் தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி நான் மனு போட்ட அலுவலகம் மறுத்துவிட்டது. டெண்டர் முடிந்து வேலையும் கொடுத்த பிறகு என்ன ரகசியம்? 2017 பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு, ஓஎம்ஆர் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) மதிப்பெண் முறைகேட்டால் 2018 பிப்ரவரியில் ரத்தானது. எத்தனை பேருடைய உழைப்பு அது! தவறு நடந்தால் நிறுவனத்துக்கு என்ன அபராதம் என்றாவது தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

சரி, ரகசியப் பகுதி இருந்தால் அதே சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரலாமே.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். 12 நாள் போய்விட்டது. இப்படி ஒப்பந்த நகல் வாங்கியவர்கள் இருந்தால், மனு மாதிரியோ தகவல் ஆணைய உத்தரவோ அனுப்புங்கள்.