விமானத்தோட வேக மீட்டர் 105 காட்டுது, ஜிபிஎஸ் ஒத்துக்க மாட்டேங்குது. யாரை நம்புறது?

மாதவரம்_ஷெட்

ரெண்டு சீட்டு, லோ விங் (இறக்கை கீழ), அலுமினிய கிட் விமானம், பாகங்களா வாங்கிப் பூட்டினது. எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 100 குதிரை. ப்ரொப்பெல்லர் மூணு பிளேடு, தரையில வச்சு பிட்ச் (பிளேடோட சாய்வுக் கோணம்) மாத்திக்கிற ரகம். ஷெட் மாதவரத்துல, பறக்கிறது வெளியூர் ரன்வேல.

பிரஷர் ஆல்டிட்யூட் (காத்தழுத்தத்தை வச்சுச் சொல்ற உயரம்) 3000 அடி, வெளி வெப்பம் 28 டிகிரி, 5000 ஆர்பிஎம். ஏர்ஸ்பீடு மீட்டர் 105 நாட். த்ராட்டிலைத் தொடாம, உயரம் மாறாம, மூணு ஹெடிங்ல (மூக்கு பார்க்கிற திசை, டிகிரியில) எடுத்த ஜிபிஎஸ் தரை வேகம், நாட்ல: 030ல 115, 120ல 117, 210ல 97.

கிட் கம்பெனி சொல்றது 75 சதவீத பவர்ல ட்ரூ ஏர்ஸ்பீடு (காத்துக்குள்ள போற நிஜ வேகம்) 115 நாட். நம்ம மீட்டரை நம்பினா அதுக்குப் பக்கத்துல வருது. ஜிபிஎஸ்ஸை நம்பினா வரல. காத்து இழுவையைக் குறைக்கச் சக்கரத்துக்கு வீல் பேன்ட், சக்கரக் காலுக்கு கியர் லெக் ஃபேரிங்னு உறைகள் செலவுல இறங்கறதுக்கு முன்னாடி எது உண்மைன்னு தெரியணும். பிட்டாட் (எதிர்க்காத்தோட அழுத்தத்தை மீட்டருக்குக் கொண்டு வர்ற குழாய்) இடது இறக்கைக்கு அடியில இருக்கு. ஸ்டாட்டிக் டியூப் (சுத்தியுள்ள காத்தோட சும்மா அழுத்தத்தை எடுக்கிறது) பேனலுக்குப் பின்னாடி கேபினுக்குள்ளயே திறந்து விட்டிருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

பெரம்பூர்_ஃபிட்டர்

தம்பி, போக 115, வர 97, சராசரி 106னு நிறுத்திடாதீங்க. ஹெடிங்கைப் பிடிச்சுப் பறக்கும்போது குறுக்குக் காத்து தரை வேகத்தைக் கூட்டித்தான் காட்டும். 100 நாட்ல போற விமானத்துக்கு 25 நாட் முழு குறுக்குக் காத்து அடிச்சா ரெண்டு பக்கமும் 103 வரும். மூணு லெக்கையும் (ஒவ்வொரு ஹெடிங்ல ஓட்டினதும் ஒரு லெக்) சேர்த்துக் கணக்குப் போடணும்.

முதல் லெக், மூணாவது லெக் ரெண்டையும் ஸ்கொயர் பண்ணுங்க: 13225, 9409. சராசரி 11317, இதை 'அ'ன்னு வச்சுக்குங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 3816. அதை ஸ்கொயர் பண்ணி 16ஆல வகுத்தா 910116. நடு லெக்கோட ஸ்கொயர் 13689ல 'அ'வைக் கழிச்சா 2372. அதை ஸ்கொயர் பண்ணி 4ஆல வகுத்தா 1406596. இந்த ரெண்டையும் கூட்டினது 2316712, இது 'ஆ'. இப்ப 'அ' ஸ்கொயர்ல இருந்து நாலு மடங்கு 'ஆ'வைக் கழிச்சு வர்க்கமூலம் எடுத்தா 10900. அதோட 'அ'வைக் கூட்டி, பாதியாக்கி, இன்னொரு வர்க்கமூலம். 105.4 நாட். இதுதான் உங்க ட்ரூ ஏர்ஸ்பீடு. காத்து 14 நாட் சொச்சம்.

அடுத்த தடவை 300லயும் ஒரு லெக் ஓட்டுங்க. காத்து மாறாம இருந்திருந்தா அதுல 95 வந்திருக்கணும். எதிரெதிர் லெக் ஸ்கொயர்களைக் கூட்டினா ரெண்டு ஜோடியும் சமமா வரணும். வரலன்னா ஒண்ணு காத்து மாறியிருக்கு, இல்ல காம்பஸ் விலகல் திருத்தம் போடல; அந்த டேட்டாவைத் தூக்கிப் போட்டுடுங்க. வெயில் ஏறி காத்து கொதிக்கறதுக்கு முன்னாடி காலையிலயே முடிச்சுடணும்.

இனி மீட்டர் பக்கம். 3000 அடி, 28 டிகிரின்னா காத்து லேசு, மீட்டர் அளவை ட்ரூவாக்க 1.08ஆல பெருக்கணும். ஆயிரம் அடிக்கு ரெண்டு சதவீதம்னு வாய்ப்பாடு சொல்லுவாங்க, அது 6 சதவீதத்துலயே நின்னுடும். நம்ம ஊர் வெக்கைக்குப் பத்தாது. புழுக்கத்துல காத்து இன்னும் கொஞ்சம் லேசாகும், அதுல அரை நாட் போகும், இப்போதைக்கு விடுங்க. 105.4ஐ 1.08ஆல வகுத்தா 97.6. மீட்டர் காட்டினது 105. ஆக ஏழு நாட்டுக்கு மேல கூடுதலாக் காட்டுது. விமானமும் கிட் கணக்குக்குப் பத்து நாட் குறைவு. ரெண்டு கோளாறு, ஒண்ணை இன்னொண்ணு மறைச்சிட்டு இருந்திருக்கு.

முதல்ல மீட்டரை மட்டும் தனியாப் பாருங்க. தண்ணி மானோமீட்டர் (தண்ணி மட்டத்தை வச்சு அழுத்தம் அளக்கிறது) போதும். கொளத்தூர் மீன் கடையில ஏர் பம்புக்கு விக்கிற தெளிவான டியூப் ரெண்டு மீட்டர், அதை ஒரு பலகையில யூ வடிவத்துல அடிங்க, நடுவுல ஸ்டீல் ஸ்கேல். தண்ணியில ஒரு துளி சொட்டு நீலம், ஒரு துளி பாத்திர சோப்பு. சோப்பு போட்டா மட்டம் டியூப் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்காது. டி ஃபிட்டிங் போட்டு ஒரு பக்கம் மானோமீட்டர், ஒரு பக்கம் மீட்டரோட பிட்டாட் முனை, மூணாவதுல 50 மில்லி சிரிஞ்ச். மெதுவா அமுக்குங்க. வாயால ஊதவே ஊதாதீங்க: ஈரம் உள்ள போகும், ஒரு ஊது ஊதினாலே முள் எல்லையைத் தாண்டிடும்.

ரெண்டு கைத் தண்ணி மட்டத்துக்கும் உள்ள முழு உயர வித்தியாசம்தான் கணக்கு. ஒரு பக்கம் ஏறினதை மட்டும் அளந்துட்டு மீட்டர் கெட்டுப்போச்சுன்னு கழட்டுறவங்க நிறைய. 40 நாட்டுக்கு 26 மிமீ, 60க்கு 60, 80க்கு 106, 100க்கு 166, 120க்கு 240, 140க்கு 328. சென்னை சூட்டுல தண்ணி அடர்த்தி குறையறதால வர்ற பிழை 100 நாட்ல அரை நாட் கூட இல்ல. கீழ் வேகத்துலதான் கண்ணு கூர்மையா வேணும். 40 நாட்ல ஒரு மிமீ தப்பினா முக்கால் நாட் போச்சு.

ராயபுரம்_ரேஸ்

இவ்ளோ எதுக்கு ப்ரோ? பிட்டாட்டைக் காரு மேல கட்டி, ரெட்ஹில்ஸ் தாண்டி ஹைவேல விடியக்காலையில ஓட்டினா ஜிபிஎஸ்ஸோட நேரா ஒப்பிட்டுடலாமே. சோழவரம் ரன்வேல ரேஸ் நடந்த காலமா இருந்தா இன்னும் வசதி.

பெரம்பூர்_ஃபிட்டர்

அதுல ரெண்டு சிக்கல். காரு கூரை மேல காத்து வேகம் கூடிடும், பானட்டுக்கு முன்னாடி குறைஞ்சிடும். தொந்தரவில்லாத காத்து வேணும்னா பிட்டாட்டை நீளக் கம்பியில வெளிய தள்ளணும். ரோட்டுல அது யார் கண்ணையாவது குத்தும். அதைவிட, 80 கிலோமீட்டர்ல ஓட்டினாலும் 43 நாட்தான். க்ரூஸ்ல (சீரான மட்டப் பறப்புல) வர்ற பிழை விமானத்தோட ஸ்டாட்டிக்ல இருந்து வருது, காருல அந்த ஸ்டாட்டிக்கே கிடையாது. மீட்டரை மட்டும் பார்க்கறதுன்னா பலகையும் தண்ணியும் காரைவிடத் துல்லியம்.

மாதவரம்_ஷெட்

பண்ணியாச்சு ண்ணா. 166 மிமீல மீட்டர் 102 காட்டுது, 60 மிமீல 61. மேல போகும்போதும் கீழ வரும்போதும் ஒரே அளவுதான், முள் சிக்கல. பிட்டாட் லைனை 166 மிமீல வச்சு சிரிஞ்சை மூடினா ஒரு நிமிஷத்துல 140 மிமீக்கு இறங்குது, அப்ப லீக் இருக்கு. பறக்கும்போது ரெண்டு கேபின் வென்ட்டையும் முழுசாத் திறந்தா மீட்டர் 105ல இருந்து 102க்கு இறங்குது, ஆல்டிமீட்டரும் (உயரம் காட்டுற கருவி) 30 அடி இறங்குது.

இன்னொண்ணு: டேங்கை விளிம்பு வரை நிரப்பி, 5000ல ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்ப அளந்து ஊத்தினதுல 15 லிட்டர். மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்) கேஜ் கிடையாது.

எண்ணூர்_912

தலைவரே, அந்த வென்ட் சோதனையிலயே விஷயம் வெளிய வந்துடுச்சு. வேகம் 105ல இருந்து 102க்கு விழணும்னா சுமார் 100 பாஸ்கல் மாறணும்; அந்த உயரத்துல ஆல்டிமீட்டருக்கு 100 பாஸ்கல்னா சுமார் 30 அடி. ரெண்டு கருவியும் ஒரே கதையைச் சொல்லுது, ரெண்டுக்கும் பொது ஸ்டாட்டிக் மட்டும்தான். கேபின்ல உறிஞ்சல் இருக்கு, கனோப்பி (கண்ணாடி மூடி) இடுக்கு வழியா காத்தை வெளிய இழுக்குது. ஏழு நாட்ல ரெண்டு மீட்டரோடது, மீதி அஞ்சு சொச்சம் ஸ்டாட்டிக்கோடது.

பிட்டாட் லீக் இந்தப் பிழைக்குக் காரணமாக முடியாது. பிட்டாட் ஒழுகினா மீட்டர் குறைச்சுத்தான் காட்டும். ஆனாலும் அடைச்சே ஆகணும். புஷ் ஃபிட்டிங்ல மீன் தொட்டி டியூபையே போட்டிருந்தா அங்கதான் பாருங்க. அது மெத்துனு இருக்கும், ஓரிங் மேல வட்டமா உட்காராது. மானோமீட்டருக்கு அது சரி, விமானத்துக்கு 6 மிமீ வெளிவிட்டம் உள்ள கெட்டியான நைலான் இல்ல பாலியூரித்தேன் டியூப். கத்திரிக்கோலால வெட்டினா முனை நசுங்கிச் சாயும். பிளேடால நேரா வெட்டி, அடிவரைக்கும் அழுத்தித் தள்ளணும்.

ஸ்டாட்டிக்கைக் கேபினை விட்டு வெளிய கொண்டு போங்க. இறக்கைக்கும் வாலுக்கும் நடுவுல, ஃபியூஸ்லாஜ் (விமான உடல்) ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல துளை, ரெண்டையும் டி போட்டு இணைக்கணும், அப்பதான் விமானம் பக்கவாட்டுல வழுக்கினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டும். டியூபைத் துளைக்கு மேல ஒரு வளைவு ஏத்தி இறக்கினா மழைத்தண்ணி பேனலுக்குப் போகாது. துளை விளிம்புல டிரில் விட்ட பிசிர் ஒரு முடி அளவு நின்னாலும் பிழை வரும், விரல் நுனியால தடவிப் பாருங்க. கிட் கம்பெனி எந்த வடிவத்துல போர்ட் (ஸ்டாட்டிக் துளை) சொல்லியிருக்கோ அதையே போடுங்க. சில கிட்கள்ல பாப் ரிவெட்டோட குமிழ்த் தலையே போர்ட்டா வேலை செய்யும். அசிங்கமா இருக்குன்னு அதை மட்டமாக்கினவங்களுக்கு ஸ்பீடு தப்பாப் போயிருக்கு. அந்தக் குமிழ் மேல காத்து வேகமாகி அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கறதும் டிசைன்ல சேர்த்திதான்.

புது இடத்துலயும் மிச்சப் பிழை இருந்தா, துளைக்கு முன்னாடி ஒரு மிமீ தடிமன் பட்டை ஒட்டினா மீட்டர் ஏறும், பின்னாடி ஒட்டினா இறங்கும். முதல்ல டேப்புல ஒட்டிப் பார்த்துட்டு அப்புறம் நிரந்தரமாக்குங்க.

லீக் டெஸ்ட் பண்ணும்போது ஸ்டாட்டிக்கை மட்டும் உறிஞ்சாதீங்க. ஆல்டிமீட்டர் 1000 அடி ஏறுற அளவு உறிஞ்சினா ஏர்ஸ்பீடு முள் 150 பக்கம் போய் நிக்கும். பிட்டாட்டையும் ஸ்டாட்டிக்கையும் டி போட்டு ஒண்ணாக்கி உறிஞ்சுங்க. அமெரிக்க விதிப்படி 1000 அடி ஏத்தி மூடினா ஒரு நிமிஷத்துல 100 அடிக்கு மேல இறங்கக் கூடாது. சிரிஞ்சை விடும்போதும் மெதுவா.

இப்ப அந்தப் பத்து நாட். 5000 ஆர்பிஎம்னாலே 75 சதவீதம்னு நினைச்சிருக்கீங்க. யூஎல்எஸ்ஸுக்கு 75 சதவீதம்னா 5000 ஆர்பிஎம்மோட 26 இஞ்ச் (பாதரசம்) மேனிஃபோல்டு பிரஷர், மணிக்கு 18.5 லிட்டர். உங்க எஞ்சின் குடிக்கிறது 15. அது 61 சதவீதம் சுமார். தேவைப்படுற பவர் வேகத்தோட கன அளவுல ஏறும், அதனால 115 நாட் விமானம் அந்தப் பவர்ல 107தான் போகும். உங்களுக்கு வந்தது 105.4. காத்து இழுவை மேல பழி போட ரெண்டு நாட் கூட மிச்சமில்ல.

முழு த்ராட்டில்ல, மட்டமா, 3000 அடியில எத்தனை ஆர்பிஎம் வருது?

மாதவரம்_ஷெட்

5800 தொட்டுச்சு, உடனே குறைச்சுட்டேன்.

எண்ணூர்_912

பிட்ச் ரொம்பக் கம்மி. 5800 அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும், தொடர்ந்து ஓட்ட 5500தான் எல்லை. மட்டப் பறப்புல முழு த்ராட்டில்ல 5500, 5600க்குள்ள நிக்கற மாதிரி பிட்சைக் கூட்டுங்க. அரை டிகிரியா ஏத்துங்க, ஒரேயடியா வேண்டாம். மூணு பிளேடையும் முனையில இருந்து ஒரே தூரத்துல டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வச்சு அளங்க. பிளேடுக்குப் பிளேடு 0.2 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா அதிரும். அதிர்வை பேலன்ஸ்னு நினைச்சு வெயிட் ஒட்டுறது வீண் வேலை. அளவுக்கு மீறிக் கூட்டினா டேக்ஆஃப் ஓட்டம் நீளும், ஏற்றம் சோம்பிடும். முழு த்ராட்டில்ல 5200க்குக் கீழ எஞ்சினை வதைக்கவும் கூடாது. தொடங்கறதுக்கு முன்னாடி ஆப்டிகல் டேக்கோமீட்டரால ஆர்பிஎம் கேஜையும் ஒரு தடவை சரிபாருங்க. ப்ரொப்பெல்லர் சுத்தை கியர் விகிதம் 2.43ஆல பெருக்கினா எஞ்சின் சுத்து. மேனிஃபோல்டு கேஜ் ஒண்ணு கண்டிப்பா மாட்டுங்க.

ஃபேரிங் அதுக்கப்புறம். கியர் லெக் உருண்டைக் குழாயா இருந்தா போடறது லாபம்தான், அதே தடிமன்ல நீர்த்துளி வடிவத்தைவிட பத்து மடங்கு இழுக்கும். காசிமேட்டுல படகுக்குப் போடற சாப்டு மேட்டை (நறுக்கின கண்ணாடி இழை விரிப்பு) எபாக்ஸியோட சேர்க்காதீங்க. அந்த மேட்ல இருக்கிற பசை பாலியஸ்டர் ரெசின்லதான் கரையும், எபாக்ஸில கரையாம வெள்ளையா நிக்கும். நெய்த கிளாஸ் துணி ரெண்டு அடுக்கு போதும்.

மாதவரம்_ஷெட்

ஸ்டாட்டிக்கை மாத்தினா பழைய ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற வேகம்), அப்ரோச் (இறங்க வர்ற வேகம்) நம்பரெல்லாம் என்னாகும்?

பெரம்பூர்_ஃபிட்டர்

எல்லாம் செல்லாது. இதுவரைக்கும் மீட்டர் கூடுதலாக் காட்டிட்டு இருந்தது, அதனால பழைய நம்பரைப் புது ஸ்டாட்டிக்ல பிடிச்சா நிஜத்துல வேகமா வருவீங்க, மிதந்துக்கிட்டே ரன்வே தீரும். க்ரூஸ்ல கிடைச்ச திருத்தத்தை அப்படியே ஸ்டாலுக்கும் கழிச்சுக்கலாம்னும் நினைக்காதீங்க. மூக்கு தூக்கினா, ஃப்ளாப் (இறக்கையோட பின் மடிப்பு) இறக்கினா பிழையே வேற அளவுக்கு மாறும்.

தரைக்கு மேல 3000 அடிக்குக் குறையாம போய், எடையைக் குறிச்சுக்கிட்டு, ஃப்ளாப் இல்லாம, பாதி, முழுசுன்னு ஸ்டால் எடுங்க. வழுக்கலைக் காட்டுற பந்து நடுவுல இருக்கணும், வேகம் நொடிக்கு ஒரு நாட் வீதம் குறையணும். அதுல இருந்து 1.3 மடங்கு உங்க அப்ரோச். 60ல இருந்து பத்துப் பத்தா ஏத்தி, ஒவ்வொரு வேகத்துலயும் நாலு லெக் ஜிபிஎஸ் எடுத்து, கரெக்ஷன் கார்டு ஒண்ணு எழுதி பேனல்ல ஒட்டுங்க. மீட்டரோட ரெண்டு நாட்டும் அதுலயே அடங்கிடும்.

அப்புறம், ஷெட்ல நிறுத்தும்போது பிட்டாட்டுக்குச் சிவப்பு ரிப்பன் வச்ச உறை. ரெண்டு நாள் திறந்து வச்சா போதும், குளவி மண் கட்டிடும். ஸ்டாட்டிக் துளையையும் உப்புக் காத்து பூத்துப் போய் அடைக்கும். துடைக்கும்போது ஊசியை விட்டுக் குடையாதீங்க, விளிம்பு கெட்டுடும்.