கிளப்பும் அறக்கட்டளையும் கைகோத்த இடத்தில் நீங்கள் பார்த்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

கால்பந்து பயிற்சியாளர்:

எங்கள் கிளப் சில சீசன்களாக ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து வேலை செய்கிறது. காப்பகத்தில் வளரும் பிள்ளைகளும், பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் எங்கள் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். தொடக்க விழா, ஆளுயரக் காசோலை, குரூப் போட்டோ எல்லாம் எங்கேயும் ஒரே மாதிரிதான், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஜெர்சி விவகாரம்.

வந்த பிள்ளைகளுக்கென்று கமிட்டி தனி ஜெர்சி அடித்துக் கொடுத்தது. முதுகில் "ஆதரவற்ற இளைஞர் நலத் திட்டம்" என்று கொட்டை எழுத்து. மறுவாரமே ஒரு பையன் அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு வந்தான். தையல் பிசிறு கழுத்தோரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, நம்பர் மங்கலாக இடவலம் மாறித் தெரிகிறது. ஏன்டா இப்படி என்று கேட்டேன். "முதுகைப் படிச்சுட்டு எவனும் பாஸ் தர மாட்டேங்கிறான் சார்" என்றான்.

அன்றைய ஆட்டத்தைக் கவனித்தேன். அவன் வலது ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்கிறான், பந்து நடுவிலேயே சுற்றுகிறது. எங்கள் பையன்கள் கெட்டவர்கள் இல்லை. எழுதியிருந்ததைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

கமிட்டியில் பேசியபோது ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பை இழுத்தார்கள். 2006-இல் அவர்களே ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப்பின் பெயரை ஜெர்சியில் போடவில்லையா என்று. போட்டார்கள். அதுவரை மார்பில் எந்த விளம்பரத்தையும் ஏற்காத கிளப் அது. அந்தப் பெயருக்காகக் காசு வாங்காமல், ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவை யூனிசெஃப்புக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதைச் சுமந்தவர்கள் நட்சத்திர ஆட்டக்காரர்கள். உதவி வாங்கும் பிள்ளையின் முதுகில் அவர்கள் எதையும் ஒட்டவில்லையே!

கிளப் பொருளாளர்:

நியாயம்தான். ஆனால் பெயர் எங்கும் தெரியாவிட்டால் எந்த ஸ்பான்சர் பணம் தருவார்? ஸ்பெயின் கால்பந்து வீரர் ஹுவான் மாட்டா 2017-இல் தன் சம்பளத்தில் 1 சதவீதத்தைக் கால்பந்துத் தொண்டு அமைப்புகளுக்குத் தருவதாக அறிவித்து 'காமன் கோல்' இயக்கத்தைத் தொடங்கினார். நமக்கு அப்படியொரு ஆள் கிடைக்கும்வரை வேலியில் பேனர் கட்டத்தான் வேண்டும். வேலியில் கட்டுங்கள், பிள்ளைமேல் வேண்டாம்.

என் வயிற்றெரிச்சல் வேறு. நன்கொடை நிதியாண்டுக் கணக்கில் வருகிறது, லீக் அந்தக் கணக்கில் நடப்பதில்லை. நல்ல சீசன் நடுவில் பணம் நின்றுபோகும்.

களப்பணியாளர்:

நான் அறக்கட்டளைப் பக்கம். கிளப்காரர்களுக்கு எங்கள்மேல் எப்போதும் ஒரு குறை: "ஒரு போட்டோவுக்குக்கூடவா அனுமதி கேட்கணும்?" ஆமாம், கேட்கணும். சில பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்தியவர்களிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்திருப்போம். ஜெர்சியும் மைதானமும் தெரிகிற ஒரு படம் போதும், பிள்ளை எந்தக் கிழமை எங்கே இருக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். ஒரு பிள்ளையோடு ஒரே ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, வண்டியிலும் சரி, உடை மாற்றும் அறையிலும் சரி என்பதும் இதே காரணத்தால்தான். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை.

இன்னொன்று. ஷூ அளவு கேட்டால் பல பிள்ளைகள் இரண்டு சைஸ் கூட்டிச் சொல்வார்கள். ரொம்ப நாளைக்கு வரட்டுமே என்றுதான். எங்களிடம் வந்த அண்ணன் தம்பிக்கு ஒரே ஜோடி. பயிற்சி முடிந்த அண்ணன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கழற்றுவான், தம்பி முனையில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு உள்ளே ஓடுவான். இதெல்லாம் எந்த அறிக்கையிலும் வராது. பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

முன்னாள் விங்கர் (ஓரத்தில் ஆடுபவர்):

நான் அப்படி வந்த பிள்ளைதான், இப்போது ரெஃப்ரி. விருந்தினர் யார் வந்தாலும் எங்களில் ஒருவரை மைக் முன்னால் நிறுத்திச் சோகக்கதை சொல்லவைப்பார்கள். நன்றாக அழுத பையனையே அடுத்த விழாவுக்கும் கூப்பிடுவார்கள்! எங்கள் கோச் மட்டும் எதையும் கேட்டதில்லை. பொருள் அறைச் சாவியைக் கையில் கொடுத்து, கோடு போடு, பந்துகளை எண்ணி வை என்பார். லேட்டாகப் போனால் திட்டு விழும், எல்லாருக்கும் விழுகிற அதே திட்டு. எனக்கு அது பிடித்திருந்தது.

கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளையோர் விளையாட்டுச் சங்கத்திலும் இதே போக்குதான். அணிகள் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்தால் லீக் பட்டியலில் புள்ளி கிடைக்கும். அங்கே பிள்ளைகள் கையேந்தி நிற்பதில்லை, நிர்வாகத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

கால்பந்து பயிற்சியாளர்:

சாவி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். பொருளாளர் சாருக்கு: சீசன் முழுவதற்குமான தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் போடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுத முடியுமா? களப்பணியாளரிடம் ஒரு கேள்வி: காப்பகம் மாற்றிவிட்டால் பிள்ளை பாதியில் காணாமல் போகிறது, எங்களுக்குத் தகவலே வருவதில்லை. புது இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளப்பிடம் அந்தப் பிள்ளையின் ஆட்டப் பதிவை ஒப்படைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?